மலையில் கேட்ட மச்சாளின் குரல்

1988ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். நியூசிலாந்தில் அது குளிர்காலம். ஆக்லாந்தின் வடகரையில், கிளென்ஃபீல்டில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான், என் கணவர், அவருடைய தங்கை. நான் சொல்லப்போகும் சம்பவம் ஆக்லாந்தில் நடக்கவில்லை. அங்கிருந்து தெற்கே அரை நாள் கார் ஓடிப் போகவேண்டிய ருவபெஹு மலையில் நடந்தது. ஆனால் அதன் தொடக்கம் எங்கள் வீட்டுக் குசினியில், அதாவது சமையலறையில்தான் என்பதால் அங்கிருந்தே சொல்கிறேன்.

கணவரின் தங்கையை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் யாழ்ப்பாண வழக்கம் அப்படி. அங்கே ஒரு பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்தவள். சேலையோடு சைக்கிளில் பாடசாலைக்குப் போய்வந்தவள். முப்பது வயதைத் தாண்டியிருந்தாள். எங்களிடம் வந்து சேர்வதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு நாள் காலை, சந்திக் கடைக்குப் போன அவளுடைய கணவர் வீடு திரும்பவில்லை. யார் கொண்டு போனார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள், ஆள் இருக்கிறாரா இல்லையா, ஒன்றும் தெரியாது. பொட்டு வைப்பதா விடுவதா என்று கூட அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு நாள் வைப்பாள், ஒரு நாள் வைக்கமாட்டாள்.

1987 தொடக்கத்தில் ஒருவாறு விசா கிடைத்து எங்களிடம் வந்தாள். வீட்டு வேலை எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுச் செய்வாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஆனால் தானாக ஒரு வார்த்தை கதைக்கமாட்டாள். பக்கத்து அறையில் அவள் இருக்கிறாளா இல்லையா என்பதே தெரியாது. அவளுடைய குரல் எப்படி இருக்கும் என்பதை நாங்கள் மெல்ல மெல்ல மறந்துகொண்டிருந்தோம்.

ஆக்லாந்து நகர மையத்தில் ஓர் அலுவலகத்தில் நான் தட்டச்சு வேலை செய்தேன். என் பக்கத்து மேசைக்காரி ஒரு வெள்ளைக்காரப் பெண். நாற்பது வயதைக் கடந்தவள், நல்ல உயரம், காற்றில் காய்ந்த முகம். சனி ஞாயிறானால் மலைக்குப் போய்விடுவாள். அவளுடைய பனிச்சறுக்குக் கழகத்துக்கு ருவபெஹுவில் ஒரு மரக்குடில் இருந்தது. மச்சாள் வந்த அந்த வருடமே, ஒரு நாள் தேநீர் நேரத்தில், அவளைப் பற்றி அவளிடம் சொன்னேன். சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல, மனப்பாரத்தில் வந்துவிட்டது. அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அடுத்த மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு வா. பனியில் நடக்கலாம்," என்றாள்.

பனிச்சறுக்கு என்றால் மலை உச்சியிலிருந்து தலைதெறிக்க இறங்குவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது வேறு வகையாம். சமவெளியிலும் சிறு மேடு பள்ளங்களிலும், நீண்டு மெலிந்த ஸ்கீக்களைக் காலில் மாட்டி, இரண்டு கையிலும் தடியூன்றி, மைல் கணக்கில் சறுக்கிக்கொண்டே போவது. காலணியின் முன்நுனியை மட்டும் ஒரு கொளுவி பிடித்திருக்கும், குதிக்கால் மேலே எழும்பும். நடக்கத் தெரிந்தவர் எல்லோரும் தொடங்கலாம் என்றாள்.

தேநீர்க் கரண்டிகள் இரண்டை மேசையில் தள்ளித் தள்ளி எனக்கு விளக்கினாள். அவர்கள் கழகத்தில் ஆட்களை ஐந்து குழுவாகப் பிரிப்பார்கள். ஒன்றாம் குழு, ஸ்கீயோடு நடப்பவர்கள். இரண்டாம் குழு, சறுக்குபவர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பெரிய பள்ளம் என்றாள். முழுப் பாரத்தையும் ஒரே காலில் போட்டு, அந்தக் கால் வழுக்கிக்கொண்டு போகும்போது பயப்படாமல் அதன்மேல் நிற்கவேண்டும். அந்த ஒரு விஷயம் வந்துவிட்டால் ஆள் சறுக்குகிறார், வராவிட்டால் எத்தனை வருடமானாலும் நடக்கிறார். மூன்றாம் குழு, இறக்கத்தில் நினைத்த இடத்தில் நிற்கத் தெரிந்தவர்கள். நான்காம் குழுவினர் காலையில் பனியைத் தொட்டுப் பார்த்தே இன்றைக்கு ஸ்கீக்கு எந்த மெழுகு பூசவேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். ஐந்தாம் குழு பந்தயக்காரர்கள்.

"நீ எத்தனையாம் குழு?" என்று கேட்டேன்.

"முந்தி ஐந்து. இப்போது முழங்காலிடம் கேட்டுத்தான் சொல்லவேண்டும்," என்று சிரித்தாள். இளவயதில் நாட்டுக்காக வெளிநாட்டில் பந்தயம் ஓடியவள் அவள் என்பது பிறகு வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வீட்டில் வந்து சொன்னபோது மச்சாள் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள். கணவர்தான், "நீரும் போனால் அவளும் வருவாள். இரண்டு பேருமாப் போயிட்டு வாங்கோ," என்றார். பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் ஒரு வீட்டில் மாதம் ஒரு முறை நம் குடும்பங்கள் கூடிப் பஜனை வைப்போம். அங்கே இந்தக் கதை எப்படியோ எட்டிவிட்டது. ஓர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பனியில சறுக்கப் போறியளாமே? விழுந்து கை கால் முறிஞ்சால் ஆர் பாக்கிறது? அதுவும் இவவுக்கு இப்ப இது தேவையோ?" என்றார். மச்சாள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கும். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு, "மச்சாள், எத்தினை சோடி மேசு கொண்டு போகவேணும்?" என்று மட்டும் கேட்டாள். மேசு என்றால் காலுறை. போவது முடிவாகிவிட்டது.

அந்த முதல் வருடம் நாங்கள் விழுந்த விழுகையைச் சொல்லி முடியாது. நின்ற இடத்தில் விழுந்தோம். எழும்பும்போது விழுந்தோம். விழுந்தவரைத் தூக்கப் போய் அவர் மேலேயே விழுந்தோம். மச்சாளின் ஒரு ஸ்கீ கொளுவியிலிருந்து கழன்று சரிவில் தன்பாட்டுக்கு ஓட, அவள் ஐயோ என்று அதன் பின்னாலேயே ஓடி, மார்பளவு பனியில் புதைந்துபோனாள். என் அலுவலகத் தோழியும் இன்னும் இருவருமாக அவளை இழுத்து எடுத்தார்கள். பனி ஒட்டிய புருவத்தோடு வெளியே வந்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நாட்டுக்கு வந்தபின் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் பயிற்சி தொடங்கியது. சோறு வடிக்கும்போது ஒரு காலில் நிற்பாள். பல் விளக்கும்போது மற்றக் காலில் நிற்பாள். "என்ன, கொக்கு மாதிரி நிக்கிறாய்?" என்று அண்ணன்காரன் கேட்டால், "பாரம் எந்தக் கால்ல இருக்குதெண்டு பாக்கிறன்," என்பாள். சைக்கிள் ஓடிய உடம்பு அவளுக்கு. அந்த வருடக் குளிர்காலம் முடியுமுன் அவள் இரண்டாம் குழுவுக்குப் போய்விட்டாள். அடுத்த வருடக் குளிர்காலம் தொடங்கியதும் மூன்றாம் குழு. நான் ஒன்றாம் குழுவின் நிரந்தர உறுப்பினர். அதில் எனக்கு மனக்குறை ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு வழுக்கும் காலை நம்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த 1988 ஆகஸ்ட் நாளுக்கு வருகிறேன்.

சனிக்கிழமை காலை வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. குடிலிலிருந்து புறப்பட்டு, மூங்கில் கம்புகள் நட்டு அடையாளமிட்ட பாதையில் போய், பெரிய பாறைக் கூட்டம் ஒன்றின் அடியில் மதியச் சாப்பாடு. பிறகு அதே பாதையில் திரும்புவது. எல்லாக் குழுக்களிலிருந்தும் ஒரு பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். தலைமை என் தோழி. கடைசியில் யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொண்டு வர, தாடி வைத்த ஓர் ஆசிரியர்.

பாறையடியில் உட்கார்ந்து சீனிச் சம்பல் பூசிய பாண், அதாவது ரொட்டித் துண்டுகளைச் சாப்பிட்டோம். மச்சாள் பையிலிருந்து தோடம்பழங்களை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தாள். ஆரஞ்சுப் பழத்தை நாங்கள் தோடம்பழம் என்போம். எங்கள் வாடகை வீட்டுக் கொல்லையில் ஒரு மரம், அந்த மாதத்தில் காய்த்துத் தள்ளும். அவள் கொண்டுவந்தது ஒரு பை நிறைய. பாதிக்கு மேல் மிஞ்சிவிட்டது. "இதைத் திருப்பிக் காவிச் சுமக்கப் போறீரோ?" என்று நான் கேலி செய்தேன். என் வலது காலின் கொளுவி அடிக்கடி திறந்துகொள்கிறது என்று அப்போது அவளிடம் முறைப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது. குனிந்து பார்த்துவிட்டு, "குடிலுக்குப் போய் மாத்துவம். அதுமட்டும் வலது காலை அழுத்தி ஊண்டாதேங்கோ," என்றாள்.

சாப்பிட்டு எழும்பும்போதே மேற்குப் பக்கம் மேகம் வெள்ளை வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. என் தோழி அதை ஒரு தடவைதான் பார்த்தாள். "கிளம்புவோம். ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு வாருங்கள்," என்றாள். அவள் முன்னால் கம்புகளைத் தேடிக்கொண்டு போக, நாங்கள் வரிசையாகப் பின்னால் போனோம். மச்சாள் மூன்றாம் குழுவோடு முன்னே இருந்தாள். நான் பின்பக்கம். எனக்கும் பின்னால் விழுந்து விழுந்து வந்த ஒருவரைத் தாடிக்காரர் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்.

பாதை ஒரு மேட்டைச் சுற்றித் திரும்பும் இடம். இடது பக்கம் மேடு, வலது பக்கம் சரிவு. அங்கே என் வலது கொளுவி திறந்தது. கால் வெளியே வந்தது. குனிந்து பிடிப்பதற்குள் ஸ்கீ மெதுவாக, மிக மெதுவாக, ஏதோ யோசிப்பதுபோல நகர்ந்து சரிவில் இறங்கியது. கையெட்டும் தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு அடி வைத்தேன். அதுவும் கொஞ்சம் நகர்ந்தது. இன்னும் ஒரு அடி வைத்தேன். பிறகு அது வேகம் எடுத்துவிட்டது. கீழே ஒரு அறை நீளத் தூரத்தில் எதிலோ தட்டி நிற்பதுபோல் தெரிந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு காலில் ஸ்கீயும் மற்றக் காலில் வெறும் சப்பாத்துமாக இறங்கத் தொடங்கி, வழுக்கி, உட்கார்ந்த நிலையிலேயே நெடுந்தூரம் போய்விட்டேன்.

நின்ற இடம் ஒரு பள்ளம். ஒரு கரும்பாறை. அந்தப் பாறையில் சாய்ந்தபடி என் ஸ்கீ. சந்தோஷத்தோடு அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். மலை இல்லை.

பனிமூட்டம் என்று நாம் சொல்வது வேறு. அதில் ஏதாவது மங்கலாகத் தெரியும். இதில் வானமும் நிலமும் ஒரே வெள்ளை. நான் நீட்டிய கை தெரிந்தது, அது எதை நோக்கி நீண்டிருக்கிறது என்று தெரியவில்லை. ஏறினால் பாதை வந்துவிடும் என்று நினைத்து ஏறினேன். கொஞ்ச நேரத்தில் நான் ஏறுகிறேனா இறங்குகிறேனா என்பதே பிடிபடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நடப்பதுபோல இருந்தது, ஆனால் கண் திறந்திருந்தது. பயந்து, கையால் தடவித் தடவித் திரும்பி, நல்ல காலமாக அதே பாறையில் வந்து முட்டினேன். கூப்பிட்டேன். வாயிலிருந்து வெளியே வந்ததும் காற்று குரலைக் கொண்டுபோய்விட்டது.

தோழி முதல் நாள் சொல்லித் தந்தது ஞாபகம் வந்தது. தொலைந்துவிட்டால் நில். பனியில் உட்காராதே, ஸ்கீயின்மேல் உட்கார். இரண்டு ஸ்கீயையும் பாறையோரம் சேர்த்துப் போட்டு அதன்மேல் குந்திக்கொண்டேன். கால் விரல்களை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கணவர் வீட்டில் பின்னேரத் தேத்தண்ணீருக்குக் கேத்திலை வைத்திருப்பார் என்று நினைத்தேன். நான் வரவில்லை என்று அவருக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவேண்டாம் என்று மனத்தைப் பிடித்து நிறுத்தினேன்.

மேலே நடந்ததெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லி எனக்குத் தெரியவந்தது.

பாதையின் நடுவில் ஒரு சின்ன மரக் கொட்டில் உண்டு. அங்கே எல்லோரும் வந்து சேர்ந்து, தோழி ஆட்களை எண்ணியபோது ஒரு தலை குறைந்தது. தாடிக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டதாம். நான் இறங்கிய பிறகு அவர்கள் அந்தத் திருப்பத்தைக் கடந்திருக்கிறார்கள். ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. மற்ற எல்லோரையும் கொட்டிலை விட்டு அசையவேண்டாம் என்று சொல்லிவிட்டு, தோழி தனியாகப் பாதையில் திரும்பிப் போனாள். அவள் வேகத்துக்கு வேறு யாரும் போகமுடியாது. பாறைக் கூட்டம் வரை போய், கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். இல்லை. பாதை ஒரு இடத்தில் இரண்டாகப் பிரியும், பழைய தடம் ஒன்று அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகும். நான் அதில் போயிருக்கவேண்டும் என்று முடிவுசெய்து, அந்தப் பக்கம் போகத் தயாரானாள். பாதையில் வருகிற ஒருவர் தவறினால் வேறு பாதைக்குத்தான் தவறுவார். அவளுடைய அனுபவத்தில் அதுதான் சரி.

அப்போதுதான் மூலையில் இருந்த மச்சாள் எழும்பியிருக்கிறாள்.

"அவ பாதையில இல்லை," என்றாளாம் ஆங்கிலத்தில். அந்த இரண்டு வருடத்தில் அவள் அங்கே யாரிடமும் இரண்டு வாக்கியம் சேர்த்துக் கதைத்ததில்லை. "அவவின்ரை ஸ்கீ கழண்டு ஓடியிருக்கும். அவ அதுக்குப் பின்னால போயிருப்பா."

"ஒரு ஸ்கீக்காக யாராவது பாதையை விட்டு இறங்குவார்களா?" என்று கேட்டாளாம் தோழி.

"நீங்கள் இறங்கமாட்டீர்கள். நான் போன வருடம் இறங்கினேன்."

மச்சாள் கரும்பலகைக்கு முன்னால் நிற்பதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறாள். கொளுவி வலது கால். வலது பக்கம் சரிவுள்ள இடம் அந்தத் திருப்பம் ஒன்றுதான். ஒன்றாம் குழுக்காரர் கழன்ற ஸ்கீயை விடமாட்டார், ஏனென்றால் அது இல்லாமல் தன்னால் திரும்பிப் போகமுடியாது என்று நினைப்பார். இறங்கியவர் பாதியில் நின்று ஏறமாட்டார், ஏனென்றால் அவருக்கு நிற்கத் தெரியாது. ஸ்கீ எங்கே போய் நின்றதோ அங்கேதான் ஆளும் இருப்பார்.

"சரி," என்றாளாம் தோழி. "நீ முன்னால் போ. நான் பின்னால் வருகிறேன்."

நாட்டுக்காக ஓடிய பெண் அவள். நேற்றுப் பழகிய ஒருத்தியின் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் போனாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவள்மேல் மரியாதை கூடுகிறது.

கொட்டிலில் இருந்தவர்களைத் தாடிக்காரர் குரல் கேட்கும் தூரத்துக்கு ஒருவராகக் கம்புகளின் ஓரம் நிறுத்தினார். தோழியும் மச்சாளும் திருப்பத்துக்கு வந்தார்கள். அங்கேயும் ஒரே வெள்ளை. சரிவு எந்தப் பக்கமாக விழுகிறது, எங்கே வளைகிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. மேல்பனி இறுகிக் கண்ணாடிபோல் இருந்ததால் என் அடையாளமும் விழவில்லை. தோழி காலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சாள் பையைத் திறந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து, பாதையின் விளிம்பில் வைத்து, கையை எடுத்தாள். பழம் உருண்டது. அந்த வெள்ளையில் அது ஒன்றுதான் நிறம். அது மறையும் இடம் வரை இறங்கிப் போய், அங்கே அடுத்த பழத்தை வைத்தாள்.

இனி நான் கண்ட பக்கம்.

பாறையடியில் குளிரில் உடம்பைக் குறண்டிக்கொண்டு இருந்தேன். கால் விரல்கள் இருக்கின்றனவா என்ற சந்தேகம் வந்திருந்தது. அப்போது வெள்ளைக்குள்ளிருந்து ஒரு தோடம்பழம் உருண்டு வந்தது. என் முன்னால், இரண்டு முழத் தூரத்தில், என்னைக் கடந்து போய்ப் பள்ளத்தின் அடியில் நின்றது. எனக்கு மூளை குழம்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். குளிரில் இல்லாதது எல்லாம் தெரியும் என்று சொல்வார்கள். எட்டி எடுத்தேன். தோல் சில்லென்று இருந்தது. காம்பில் எங்கள் வீட்டு இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு குரல் கேட்டது.

"மச்சாள்! மச்சாளோ!"

அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. வகுப்பின் கடைசி வரிசைக்கும் அடுத்த கட்டடத்துக்கும் கேட்கிற ஆசிரியைக் குரல். காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. இந்தப் பெண்ணுக்குள் இது இருந்ததா என்று அந்த நிலையிலும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஓம்! ஓம்! இஞ்சை! இஞ்சை இருக்கிறன்!" என்று கத்தினேன்.

"அசையாதேங்கோ! கதைச்சுக்கொண்டே இருங்கோ! என்னத்தையாவது கதையுங்கோ!"

என்ன கதைப்பது? "தோடம்பழம் வந்தது! தோடம்பழம் வந்தது!" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவள் வந்தாள். இறங்கி வந்த வேகத்தில், நினைத்த இடத்தில், என் காலடியில் டக்கென்று நின்றாள். மூன்றாம் குழு.

கட்டிப்பிடித்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். இல்லை. என் கையுறையைக் கழற்றி விரல்களைப் பார்த்தாள். கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள். "கால் விரல் அசையுதோ? பொய் சொல்லாதேங்கோ. எழும்புங்கோ." பின்னால் தோழி வந்து தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டாள். மேலே ஒருவர் குரல் கொடுக்க, அதற்கும் அப்பால் இன்னொருவர் கொடுக்க, அந்தக் குரல்களைப் பிடித்துக்கொண்டே நாங்கள் ஏறினோம். தோழி முன்னால் படி வெட்டினாள். மச்சாள் என் பின்னால், நான் வழுக்கினால் தாங்க, தோளைக் கொடுத்துக்கொண்டு வந்தாள்.

குடிலில் அடுப்பருகே என்னைப் போர்வையால் சுற்றி உட்காரவைத்துச் சூப் கொடுத்தார்கள். விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. மற்றவர்கள் ஸ்கீக்களைத் துடைக்கப் போனபிறகு, மச்சாள் என் பக்கத்தில் வந்து இருந்தாள். ஒரு தோடம்பழத்தை உரித்துச் சுளை சுளையாக எனக்குத் தந்துகொண்டே, அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்:

"அண்டைக்கு என்னை ஒருத்தரும் வெளியில விடேல்லை, மச்சாள். அவர் எந்த ஒழுங்கையால போவார், எங்கை சைக்கிளைச் சாத்துவார், ஆரோடை நிண்டு கதைப்பார் எண்டு எனக்குத்தான் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். பொம்பிளை, ஊரடங்கு, நீ போகாதை எண்டு கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவை. தேடப் போன ஆம்பிளையள் பெரிய றோட்டால போய்ப் பாத்திட்டு வந்திட்டினம்."

நான் அவளுடைய கையைப் பிடித்தேன்.

"இண்டைக்கு என்னைப் போக விட்டவை," என்றாள்.

அப்போதுதான் அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். வாசலில் வந்த தோழி ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அந்தப் பயணத்திலிருந்து திரும்பிய பிறகு எங்கள் வீட்டில் அவள் குரல் கேட்கத் தொடங்கியது. ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் அது கதை. கதைக்காத நாட்களும் இருந்தன. ஆனால் தன் கணவரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள். அவர் என்ன சாப்பிடுவார், எதற்குக் கோபப்படுவார் என்றெல்லாம் சாப்பாட்டு மேசையில் சொல்வாள். அண்ணன்காரன் பயந்து பயந்து கேட்டுக்கொண்டிருந்து, பிறகு தானும் சேர்ந்து சிரிப்பார். பொட்டு வைப்பதென்று முடிவுசெய்தாள். பிளாக்ஹவுஸ் பே அம்மா அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்குமுன், "ஓம் அம்மா, நான்தான் வச்சனான்," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சில வருடங்களுக்குப் பிறகு ஆக்லாந்திலேயே ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கச் சேர்ந்தாள். அவளுடைய கணவரைப் பற்றி ஒரு தகவலும் இன்றுவரை வரவில்லை.

பனியில் அவள் நான்காம் குழு வரை போனாள். ஐந்தாம் குழுவுக்குப் போகவில்லை, போக ஆசைப்படவும் இல்லை. ஒவ்வொரு குளிர்காலமும் ஒன்றாம் குழுவைக் கூட்டிக்கொண்டு போகும் வேலையைத் தோழியிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் அதற்குப் பிறகு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் ஒன்றாம் குழுவிலேயே போய், அதிலேயே திரும்பி வந்தேன்.

தொண்ணூறுகளில் நம் ஊரிலிருந்து நிறையக் குடும்பங்கள் ஆக்லாந்துக்கு வந்து இறங்கின. வீடு பிடிப்பது, பாடசாலை, வேலை என்று ஆலோசனை கேட்டு எங்களிடம் வருவார்கள். நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். ஆனால் கடைசியில், "போன வருசம் வந்த ஒரு குடும்பம் இருக்கு, அவையளிட்டையும் ஒருக்காக் கேளுங்கோ," என்று சொல்லி அனுப்புவேன். நாங்கள் வந்து பல வருடமாகிவிட்டது. எங்கே வழுக்கும் என்பது எங்கள் காலுக்கு மறந்துபோயிருக்கும். நேற்று வழுக்கியவருக்கு அந்த இடம் இன்னும் வலித்துக்கொண்டிருக்கும்.

வயதான பிறகு பொறுமை குறைகிறது. யாராவது ஒரு பிழையான முடிவெடுத்து எங்கேயோ போய் மாட்டிக்கொண்டு நின்றால், எனக்கும் உடனே வாயில் வருவது, இதைப் போய் யாராவது செய்வார்களா என்ற கேள்விதான். அந்தக் கேள்வி வாயை விட்டு வெளியே வருமுன், அவர் நின்ற இடத்தில், அவருக்குத் தெரிந்தது மட்டும் எனக்கும் தெரிந்திருந்தால் நான் எந்தப் பக்கம் போயிருப்பேன் என்று ஒரு தடவை யோசித்துப் பார்க்கிறேன். அப்படி யோசித்துப் போனால் அநேகமாக ஆளைக் கண்டுபிடித்துவிட முடிகிறது.